நம் பிள்ளைகளும் கட்சியின் இளைஞரணியும்

(பெரார்கஞ்சில் நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காக முழுமையாக வெளியிடப்படுகின்றது.)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, உட்கார இடமிருந்தும் வாசலை ஒட்டி நின்றுகொண்டே கேட்கின்ற இளைஞர்களே!

டுஷ்னாபாத்திலிருந்தும், மைல் திலக்கிலிருந்தும், விம்பர்லிகஞ்சிலிருந்தும், மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கின்றீர்கள். கடைசிப் பேருந்து பற்றிய கவலை உங்கள் முகத்தில் தெரிகின்றது. ஆகவே சுற்றி வளைக்காமல் செய்திக்கு வருகின்றோம்.

சென்ற மாதம் நம் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சங்கத்திற்கு வந்தார்கள். திராவிட முன்னேற்றக் கழகத்தின் இளைஞரணிக் கிளை ஒன்றைப் பெரார்கஞ்சில் தொடங்க விரும்புவதாகவும், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கக் கூடத்தைத் தரவேண்டும் என்றும் கேட்டார்கள். அன்றிரவு பத்து மணி வரை செயற்குழுவில் வாதம் நடந்தது. "ஊரில் இருக்கின்ற கட்சிச் சண்டையைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவர வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். "கூடத்தைக் கொடுத்தால் நான் சங்கத்தை விட்டு விலகுவேன்" என்றார் இன்னொருவர். மறுநாள் காலையில் ஒரு தாய் நம்மிடம் வந்தார். "என் வீட்டுக்காரர் அரசாங்கத்தில் மஸ்தூர். பையன் கொடி பிடித்தால் அப்பன் வேலைக்குக் கேடு வராதா, அண்ணா?" என்று கேட்டார்.

செயற்குழுவில் நாங்கள் பேசிய அத்தனை பேச்சையும்விட அந்தத் தாயின் கேள்விதான் கனமானது. அதற்கும், மற்றக் கேள்விகளுக்கும் விடை சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். நமது சங்கம் எந்தக் கட்சிக்கும் கிளை அல்ல, இனியும் ஆகாது. ஆனால் நம் பிள்ளைகள் ஒரு கட்சியைத் தேடிப் போகும்போது, அது என்ன, எதற்கு என்று எடுத்துச் சொல்லும் கடமை சங்கத்திற்கு உண்டு.

கட்சிக்கு இளைஞரணி எதற்கு?

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். 1949 செப்டம்பர் 17 அன்று சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. அறிஞர் அண்ணாவுக்கு 40 வயது நிறைந்து அன்றைக்கு இரண்டே நாள். நாவலர் நெடுஞ்செழியனுக்கு 29. பேராசிரியர் அன்பழகனுக்கு 26. கலைஞர் கருணாநிதிக்கு 25. ஈ.வெ.கி.சம்பத்துக்கு 23. இப்படிப்பட்ட ஒரு கட்சிக்குத் தனியாக இளைஞரணி எதற்கு? அந்தக் கட்சியே ஓர் இளைஞரணியாகத்தான் இருந்தது.

அவர்களில் கலைஞர், திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோதே 'மாணவநேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தியவர். அச்சுக்குக் காசில்லை என்று அவர் காத்திருக்கவில்லை. கையால் எழுதினார், கை மாற்றிப் படிக்கக் கொடுத்தார். அந்த வயதில் பழகிய எழுத்தும் பேச்சும்தான் பிற்காலத்தில் ஐந்து முறை முதலமைச்சராக்கியது.

1965 ஜனவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். எந்தத் தலைவரும் 'வா' என்று கையசைக்கும் வரை அவர்கள் நிற்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1967 பொதுத் தேர்தலில், விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரை எதிர்த்து பெ.சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர் நின்றார். 1,285 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். காமராசர் மீது நம்மில் பலருக்கு இருக்கும் மதிப்பு இதனால் ஒரு குன்றிமணியும் குறையாது. ஆனால், முப்பது வயதுகூட நிரம்பாதவர்களை நம்பி ஒரு கட்சி தேர்தல் களத்தில் நிறுத்திய காலம் ஒன்று இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் என்ன நடந்தது? 1971-இல் 184 இடங்களை வென்ற கட்சி, 1972-இல் எம்.ஜி.ஆர். பிரிந்து போன பிறகு, 1977-இல் 48 இடங்களுக்கு இறங்கியது. 1980-இல் 37 இடங்கள். ஆட்சியில் இருந்த காலத்தில் தலைவர்களுக்கு வயது ஏறிவிட்டது. இளைஞர்களில் பெரும்பகுதியினர் எம்.ஜி.ஆரின் பின்னால் போய்விட்டார்கள். அந்தத் தேர்தல் மே மாதக் கடைசியில் நடந்தது. ஜூலை 20 அன்று மதுரை ஜான்சிராணி பூங்காவில் கலைஞர் இளைஞரணியைத் தொடங்கி வைத்தார். இடையில் இரண்டு மாதம்கூட இல்லை.

இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். வெற்றி பெற்ற கட்சிக்கு இளைஞனின் நினைவு வருவதில்லை. தோற்ற கட்சிக்குத்தான் வருகின்றது. ஆகவே இளைஞர்களே, உங்களை ஒரு கட்சி தேடி வரும்போது மாலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் 'இப்போது ஏன் தேடுகின்றீர்கள்?' என்றும் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

உழைப்பும் நாற்காலியும்

அந்த இளைஞரணி ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் 'அன்பகம்' கட்டடம் யாருக்கு என்ற கேள்வி 1980-களில் எழுந்தது. பத்து லட்ச ரூபாய் திரட்டித் தருகின்ற அணிக்கே அது என்று கட்சித் தலைமை சொன்னது. இளைஞரணியினர் ஊர் ஊராகப் போய்ப் பதினொரு லட்சம் திரட்டிக் கொடுத்தார்கள். இன்றைய பத்து லட்சம் அல்ல. அன்றைய பத்து லட்சம்! கிளை, ஒன்றியம், நகரம், மாவட்டம் என்று படிப்படியாக அமைப்பு கட்டினார்கள். மேடையில் பேசக் கற்றார்கள். வாக்குச் சாவடியில் முகவராக உட்காரக் கற்றார்கள். கூலித் தொழிலாளியின் மகனும், பீடி சுற்றுகிறவரின் மகனும், தாசில்தார் முன்னால் கை கட்டாமல் பேசக் கற்றார்கள். பள்ளிக்கூடம் சொல்லித் தராத பாடம் அது. பொருளாதாரத்தில் ஏழை எளியவர் பக்கம் சாய்ந்தும், ஆட்சி மாற்றத்தில் வாக்குச் சீட்டின் வழியை விடாமலும் நிற்கின்ற, நடுவிலிருந்து சற்றே இடப்பக்கம் நடக்கின்ற ஒரு கட்சிக்கு, இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான் முதுகெலும்பு.

ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. நண்பன் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

1980-களின் முற்பகுதியில், முப்பதை ஒட்டிய வயதில், மு.க.ஸ்டாலின் அவர்கள் இளைஞரணியின் செயலாளரானார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், சிறை சென்று வந்தவர். ஊர் ஊராக அலைந்து அணியைக் கட்டியவர். அந்த உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2017 ஜனவரியில் அவர் கட்சியின் செயல் தலைவராகும் வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. அப்போது அவருக்கு வயது 63. இடையில் வெள்ளக்கோவில் சாமிநாதன் சுமார் இரண்டு ஆண்டுகள் இருந்தார். 2019 ஜூலையில் ஸ்டாலின் அவர்களின் மகன் உதயநிதி அந்தப் பொறுப்புக்கு வந்தார். அந்த ஆண்டு நடந்த உறுப்பினர் சேர்க்கையில் வயது வரம்பு 18 முதல் 35 வரை என்று அறிவித்தார்கள். உறுப்பினருக்கு வரம்பு உண்டு. தலைமைப் பொறுப்புக்கு மட்டும் இல்லை!

இதனால் யாருக்கு நட்டம்? அந்த முப்பத்து சொச்சம் ஆண்டுகளில் ஒரு தலைமுறை இளைஞர்கள் சுவரொட்டி ஒட்டி, பந்தல் போட்டு, தலை நரைத்து, வீட்டுக்குப் போய்விட்டார்கள். இளைஞரணி என்பது ஒரு வாசலாக இருக்க வேண்டும். உள்ளே நுழைந்தால் பொறுப்புக்குப் போகின்ற வாசல். அது வெறும் வரிசையாகிவிட்டால், முன்னால் நிற்பவர் நகரும் வரை பின்னால் நிற்பவர் நிற்க வேண்டியதுதான். கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று பழகியவர்கள் நாம். நகராத வரிசை எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தக் குறை ஒரு கட்சிக்கு மட்டும் உரியது அல்ல. இந்த நாட்டில் பெரும்பாலான கட்சிகளின் இளைஞர் அமைப்புகளுக்கும் இது பொருந்தும். நம் பிள்ளைகள் போக விரும்புவது இந்தக் கட்சி என்பதால் இதன் கதையைச் சொன்னோம்.

வெளிநாட்டில் எப்படி?

ஐரோப்பாவில் தொழிலாளர் பக்கம் நிற்கும் கட்சிகளின் இளைஞரணிகள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். ஜெர்மனியில் சமூக ஜனநாயகக் கட்சி 2018-இல் எதிரணியோடு சேர்ந்து கூட்டணி ஆட்சி அமைக்க முடிவு செய்தது. அந்தக் கட்சியின் இளைஞரணித் தலைவர் கெவின் கூனர்ட் என்பவருக்கு வயது 28. 'இந்தக் கூட்டணி வேண்டாம்' என்று தன் கட்சித் தலைமையை எதிர்த்தே ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். கட்சி உறுப்பினர்கள் எல்லோரிடமும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் தலைமையின் பக்கம் வாக்களித்தார்கள். இளைஞர் தோற்றார். அவரைக் கட்சியை விட்டு நீக்கினார்களா? இல்லை. அடுத்த ஆண்டே கட்சியின் துணைத் தலைவர்களில் ஒருவராக ஆக்கினார்கள்.

நார்வே நாட்டில் தொழிலாளர் கட்சியின் இளைஞரணிக்கு உட்டோயா என்றொரு சிறு தீவு சொந்தம். தொழிற்சங்கத்தார் 1950-இல் பரிசாகக் கொடுத்த தீவு. கோடைதோறும் அங்கே பிள்ளைகள் கூடாரம் அடித்துத் தங்குவார்கள், பந்து விளையாடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், தங்கள் கட்சி அமைச்சர்களை வரவழைத்து முகத்துக்கு நேரே கேள்வி கேட்பார்கள். 2011 ஜூலை 22 அன்று, வெளிநாட்டவர் மீதும் குடியேறியவர் மீதும் வெறுப்பை வளர்த்துக்கொண்ட ஒருவன் அந்தத் தீவுக்குள் துப்பாக்கியோடு புகுந்து 69 பேரைக் கொன்றான். பெரும்பாலானவர்கள் இருபது வயதை எட்டாதவர்கள். எதற்காகக் கொன்றான்? அந்த இளைஞர்கள் குடியேறி வந்த மக்களைத் தங்கள் தோழர்களாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்காக. குடியேறி வந்தவர்களாகிய நாம் இதை மறக்கக் கூடாது.

அந்தத் தீவைப் பூட்டிவிட்டார்களா? இல்லை. 2015-இல் மீண்டும் அங்கே முகாம் நடத்தினார்கள். அந்த நாளில் இளைஞரணியின் பொதுச் செயலாளராக இருந்து உயிர் தப்பிய டோன்யே பிரென்னா என்னும் பெண், 2021-இல் அந்நாட்டின் கல்வி அமைச்சரானார். தீவு என்றால் ஒதுங்கிக் கிடக்கும் இடம் என்று யார் சொன்னது? அரசியல் கற்பதற்கு ஒரு தீவே போதும் என்று அந்தப் பிள்ளைகள் காட்டியிருக்கின்றார்கள்.

அப்பன் வேலைக்குக் கேடு வருமா?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகின்றோம்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு. அதில் ஐந்தாவது விதி அரசியல் பற்றியது. அரசு ஊழியர் எவரும் அரசியல் கட்சியில் உறுப்பினராக இருக்கக் கூடாது. கட்சிக்கு நன்கொடை கொடுக்கக் கூடாது. தேர்தலில் வாக்குக் கேட்கக் கூடாது. இது ஊழியருக்கு. அவர் குடும்பத்தாருக்கு? சட்டப்படி அமைந்த அரசாங்கத்தைக் கவிழ்க்க முனையும் இயக்கத்தில் குடும்பத்தார் சேர்வதை ஊழியர் தடுக்க முயல வேண்டும், தடுக்க முடியாவிட்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி சொல்கின்றது. தேர்தலில் நின்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உட்காருகின்ற ஒரு கட்சி, அரசைக் கவிழ்க்கும் இயக்கம் அல்ல. ஆகவே வயது வந்த மகன் தன் பெயரில் ஒரு கட்சியில் உறுப்பினராவதை அந்த விதி தடுக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். அரசு ஊழியர் தம் உடையிலோ, வண்டியிலோ, குடியிருக்கும் வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினால், அது தேர்தலில் தம் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகும் என்றும் அதே விதி சொல்கின்றது. ஆகவே பிள்ளைகளே, அப்பாவின் அரசுக் குடியிருப்பு வாசலில் உதயசூரியனை ஒட்டாதீர்கள். அப்பாவின் ஸ்கூட்டரில் கொடி கட்டாதீர்கள். உங்கள் ஆர்வத்திற்கு அவருடைய சம்பளத்தைப் பணயம் வைக்காதீர்கள். நாள்கூலி மஸ்தூராக வேலை பார்ப்பவர்கள் தங்கள் நியமன நிபந்தனைகளை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். படிக்கத் தெரியாதவர்கள் சங்கத்திற்கு எடுத்து வாருங்கள், படித்துச் சொல்கின்றோம்.

தாயே, உங்கள் அச்சத்தை நாங்கள் சிரித்து ஒதுக்கவில்லை. நம்மில் பலர் பங்க் வகுப்பில் மூன்று நாள் கடலில் கிடந்து, வாந்தியெடுத்து, சாத்தமில் இறங்கியவர்கள். சிலருடைய பெற்றோர் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள். சிலருடைய சொந்தங்கள், 1964 ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கைத் தோட்டங்களை விட்டுக் கச்சால் ரப்பர் தோட்டத்திற்கு வந்தவர்கள். ஒரு முறை வேரோடு பிடுங்கப்பட்டவன், இரண்டாம் முறை மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும் என்பது அவன் கற்ற பாடம். ஆனால் வாயை மூடிக்கொண்டே இருந்ததால் நம் தெருவுக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மாநிலமே இல்லாத இடத்தில்

2024 ஜனவரி 21 அன்று சேலத்தில் இந்த இளைஞரணியின் இரண்டாவது மாநில மாநாடு நடந்தது. முதல் மாநாடு 2007 டிசம்பரில் நெல்லையில் நடந்தது. சேலத்தில் எழுந்த முழக்கம் மாநில உரிமை மீட்பு. நல்ல முழக்கம். தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு, டெல்லியிடம் கேட்பதற்கு உரிமைகள் உண்டு. நமக்கு?

இந்த நாட்டின் எட்டு ஒன்றியப் பிரதேசங்களில் டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர் ஆகிய மூன்றுக்குத்தான் சட்டமன்றம் உண்டு. அந்தமான் நிக்கோபாருக்கு இல்லை. நமக்கு ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். அவரையும் 1967-இல்தான் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினோம். அதுவரை குடியரசுத் தலைவர் நியமித்தார். சேலத்து முழக்கத்தை அப்படியே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து பெரார்கஞ்ச் சந்தியில் இறக்கினால் அது யாருக்குப் புரியும்?

ஆகவே இங்கே இளைஞரணி நடத்த வருகிறவர்கள் இந்த மண்ணுக்கான கேள்வியைத் தாங்களே எழுத வேண்டும். மெயின்லேண்டிலிருந்து அறிக்கை வரட்டும், தலைவர் வரட்டும் என்று காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. இங்கே நம் கைக்கு எட்டுகின்ற அதிகாரம் ஒன்றுதான். அது பஞ்சாயத்து. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தத்திற்குப் பின், 1994-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி நம் தீவுகளில் கிராமப் பஞ்சாயத்து, பஞ்சாயத்து சமிதி, ஜில்லா பரிஷத் என்று மூன்று அடுக்குகள் அமைந்தன. 18 வயதில் வாக்களிக்கலாம். 1989-க்கு முன்னால் அதுவும் 21 ஆக இருந்தது. இன்று 21 வயதில் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கவே செய்யலாம். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு. இதில் எத்தனை இளைஞர்கள் கிராம சபைக்குப் போய் உட்கார்ந்திருக்கின்றீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம்.

ஐந்தாறு கைகள்தான் தெரிகின்றன.

சென்ற ஆண்டு நம் உறுப்பினர் ஒருவரின் மகன், தன் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் எப்போது வரும் என்று கிராம சபையில் எழுந்து கேட்டான். 'உட்கார் தம்பி, பெரியவர்கள் பேசட்டும்' என்றார்கள். அவன் உட்காரவில்லை. பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டான். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். பதில் வந்தது. வேலைக்கு மதிப்பீடே இன்னும் போடவில்லை என்று அதில் இருந்தது. குழாய் இன்னும் வரவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 'நாளைக்கு வரும்' என்று சொன்னவர்கள் அதன்பின் அப்படிச் சொல்வதில்லை. மதிப்பீடு போடும் வேலை தொடங்கியிருக்கின்றது. அந்தப் பையன் எந்தக் கட்சியிலும் இல்லை. இளைஞரணி என்றால் இதைத்தான் செய்ய வேண்டும் என்று நாம் சொல்கின்றோம். ஒரு தெருவுக்கு ஒரு பையன், ஒரு பெண். ஒரு மாதத்திற்கு ஒரு மனு. தமிழ்வழி வகுப்பில் ஆசிரியர் இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை? மருத்துவ நிலையத்தில் என்னென்ன மருந்து இருப்பு? இவற்றை எழுதிக் கேளுங்கள். வருகின்ற பதில்களைக் கோப்பில் தைத்து வையுங்கள். அந்தக் கோப்புதான் நாளைக்கு உங்கள் தேர்தல் அறிக்கை.

பக்கத்து வீட்டுக்காரர்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். வங்காளியர் இருபத்தெட்டுக்கு மேல். தெலுங்கர் பதின்மூன்று. மலையாளிகள் ஏழு. ராஞ்சிக்காரர்கள், பாண்டுக்கள், மாப்பிள்ளைமார், இங்கேயே பிறந்து வளர்ந்த பழைய குடும்பங்கள் எல்லோரும் நம் அண்டை வீட்டுக்காரர்கள். மழையில் நம் கூரை பறந்தால் முதலில் ஓடி வருவது அவர்கள். சென்னையிலிருந்து எந்தத் தலைவரும் ஓடி வர முடியாது. நடுவில் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் கடல் கிடக்கின்றது.

மொழிப்பற்று நமக்கு உண்டு. ஆனால் இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, இந்தியில் பேசும் பக்கத்து வீட்டுக்காரரோடு முகம் கொடுத்துப் பேசாமலிருப்பது வேறு. இந்த வேறுபாடு தெரியாத பையன் இங்கே இளைஞரணி நடத்தினால், ஒரே மாதத்தில் அது தெருச் சண்டையில் போய் முடியும். குழாய் வராத தெருவில் வங்காளிக்கும் தண்ணீர் இல்லை, தமிழனுக்கும் இல்லை. ஆகவே மனுவில் அவர்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.

செயற்குழுவின் முடிவு

இவ்வளவையும் பேசி, செயற்குழு எடுத்த முடிவை இப்போது சொல்கின்றோம்.

கூடத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கின்றோம். இந்தக் கட்சிக்கு மட்டுமல்ல. சட்டப்படி இயங்கும் எந்தக் கட்சியின் இளைஞர்கள் கேட்டாலும், ஒரே நிபந்தனைகளோடு கொடுப்போம். நிபந்தனைகள் ஐந்து.

முதலாவது: 18 வயது நிரம்பாத பிள்ளையைக் கூட்டத்திற்கும் ஊர்வலத்திற்கும் அழைக்கக் கூடாது. தேர்வு மாதங்களில் மாணவர்களை வேலை வாங்கக் கூடாது.

இரண்டாவது: வசூலிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. மாதக் கணக்கைச் சங்கத்தின் பலகையில் ஒட்ட வேண்டும்.

மூன்றாவது: கிளையின் பொறுப்பில் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. 35 வயது தாண்டியவர் பொறுப்புக்கே வரக் கூடாது, அறிவுரை சொல்லலாம்.

நான்காவது: வந்து கேட்ட பன்னிரண்டு பேரில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இல்லாத குழுவுக்குக் கூடத்தின் சாவி கிடையாது. பெற்றோர்களே, இது பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வது அல்ல. மகனை அனுப்பிவிட்டு மகளை வீட்டில் நிறுத்தினால் தவறு உங்களுடையது.

ஐந்தாவது: மாதம் ஒருமுறை திறந்த கூட்டம். யார் வேண்டுமானாலும் வந்து, எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். தலைவரைப் பற்றிய கேள்வி உட்பட.

இந்த நிபந்தனைகளை எழுதிக்கொண்டிருந்தபோது செயற்குழுவில் ஓர் இளைய உறுப்பினர் மெல்லக் கேட்டார்: "மூன்று ஆண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்கின்றோமே, நமக்கு எத்தனை ஆண்டு?" கூடம் அமைதியாகிவிட்டது. நமது சங்கத்தின் செயலாளர் பொறுப்பில் ஒரே கை பதினேழு ஆண்டுகளாக இருக்கின்றது. பொருளாளர் பொறுப்பு பதினொரு ஆண்டுகளாக மாறவில்லை. தொலைவில் இருக்கும் நாற்காலியைப் பற்றி ஆண்டுக் கணக்குப் போட்ட நாம், நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் கணக்கைப் போடவில்லை. வேறு ஆள் கிடைக்கவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். கிடைக்கவில்லையா, தேடவில்லையா? தேடவில்லை என்பதே உண்மை. வெட்கத்தோடு இதை உங்கள் முன்னால் சொல்கின்றோம்.

ஆகவே வரும் பொதுக்குழுவில் செயலாளர், பொருளாளர் இருவரும் விலகிக்கொள்கின்றார்கள். செயற்குழுவில் இரண்டு இடங்கள் முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு; அவற்றில் ஒன்று பெண்ணுக்கு. புதியவர்கள் கணக்கில் தடுமாறலாம். கடிதம் எழுதத் தெரியாமல் திணறலாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்போம். பேனாவைப் பிடுங்க மாட்டோம்.

விலகுவேன் என்று சொன்ன நண்பருக்கும் ஒரு சொல். ஐயா, நீங்கள் விலக வேண்டாம். திறந்த கூட்டத்தின் முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள். உங்கள் ஐயத்திற்கு விடை சொல்ல முடியாத இளைஞரணி, நாளைக்கு அதிகாரிக்கு முன்னால் என்ன பேசப் போகின்றது? உங்களிடம் தேறி வந்தால்தான் அது தேறும்.

இளைஞர்களே, சாவி உங்களுக்குக் கிடைக்கும். கொடியை உயர்த்துங்கள், தவறில்லை. ஆனால் கொடி பிடிக்காத மற்றக் கையில் ஒரு மனு இருக்கட்டும். மூன்று ஆண்டு கழித்து, உங்களுக்குப் பின்னால் நிற்கும் தம்பியிடமோ தங்கையிடமோ அந்தச் சாவியை நீங்கள் கொடுப்பீர்களா, மாட்டீர்களா என்று பார்ப்பதற்கு நாங்கள் உயிரோடு இருக்க விரும்புகின்றோம்.

பேருந்துக்கு நேரமாகின்றது. கேள்விகள் உள்ளவர்கள் அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். மகள்களையும் அழைத்து வாருங்கள்.